கிருபா திறந்துவிட்ட ஆற்றுத் தண்ணீர்

கரட்டுப்புதூரில் பொழுது விடிவதே கிருபாவைத் திட்டுகிற சத்தத்தில்தான். மேட்டு வீதியில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று ஒரு திட்டு. கீழே காலனியில் பாதிக் குடம் நிறைவதற்குள் நின்றுபோனது என்று ஒரு திட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குழாயை மூடாமல் ஓடினால் அதற்கும் அவள்தான். பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. சேர்ந்தபோது கொடுத்த காகிதத்தில் தொட்டி கழுவுவது, குளோரின் போடுவது, வால்வைத் திறந்து மூடுவது என்று மூன்று வேலைகள் இருந்தன. திட்டு வாங்குவது நாலாவது, எழுத மறந்துபோட்டார்கள் என்பாள்.

நாற்பத்தொரு வயது, ஒல்லியான உடம்பு. வால்வு திருப்புகிற ஆளுயரக் கம்பியை எக்ஸெல் மொபெட்டில் குறுக்கே கட்டிக்கொண்டு அவள் வரும்போது எதிரே வருகிறவர்கள் தாமாகவே வேலியோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். முன்பு கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் பத்து வருடம் தறி ஓட்டியவள். எட்டுத் தறி ஒன்றாக அடிக்கிற இரைச்சலில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று முகத்தைத் திருப்பாமலே சொல்வாள். அந்தக் காதை அப்படியே தண்ணீர் வேலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ரோட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் காதை வைத்தால் மூன்றடி ஆழத்தில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காட்டிவிடுவாள். தோண்டினால் அங்கேதான் இருக்கும்.

இந்த வித்தையால் அவள் வீட்டுக்காரர் ஆல்வின் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அந்தியூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் வருகிற நேரம். கிருபா இலையை விட்டு எழுந்துபோய் மண்டபத்துச் சுவரில் காதை வைத்து, "ஏனுங்க, இதுக்குள்ள ஒழுகுதுங்க" என்றாள். மண்டபத்துக்காரர் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் ஆல்வினைப் பார்த்தார்கள், ஆல்வின் பாயசத்தைப் பார்த்தார். மறுமாதம் அந்தச் சுவரை இடித்துக் கட்டினார்கள் என்று தகவல் வந்தது. ஆல்வின் அந்தத் தகவலை யாரிடமும் சொல்லவில்லை.

ஆல்வின் கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறவர். ஊருக்கு வடக்கே கரடு என்று ஒரு பாறைக்குன்று. அதைத் தோட்டக்காரர் பாலுசாமி குத்தகைக்கு விட்டு, அதில் கல் உடைக்கிற கம்பெனி வந்து ஏழு வருடம். முதலில் ஜல்லிதான் போட்டார்கள். பிறகு ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை அரைத்து மணல் செய்து விற்றார்கள். அரைத்த மணலைக் கழுவ வேண்டும். கழுவினால் கோலமாவுபோன்ற கல்மாவு தண்ணீரோடு கலந்து வெளியே வரும். அந்தச் சாம்பல் நிறக் குழம்பை எங்கே விடுவது? கரட்டின் அடிவாரத்தில் மண்ணாலும் கல்கழிவாலும் ஒரு கரை போட்டு அதற்குள் தேக்கினார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பால் தேங்கி நிற்பது மாதிரி தெரியும். ஊரார் பால் குட்டை என்று பேர் வைத்தார்கள்.

குட்டை நிறைந்ததும் கரையை உயர்த்தினார்கள். மறுபடி நிறைந்தது, மறுபடி உயர்த்தினார்கள். மூன்றாவது தடவை உயர்த்தியபோது புதுக் கரையின் பாதி, பழைய சேற்றில் பாலாடைபோலக் காய்ந்திருந்த மேல்தோலின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த மண்ணையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டியது ஆல்வினின் டிப்பர்தான். குட்டைக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு கரையிலும் காலனியின் முப்பத்தாறு வீடுகள், அதில் ஒன்று கிருபாவுடையது. அதற்கும் கீழே பாலுசாமியின் தென்னந்தோப்பும் மஞ்சள் காடும் கிணறும். ஊரும் பள்ளிக்கூடமும் தண்ணீர்த் தொட்டியும் பத்து நிமிட நடையில் மேட்டின் மேல்.

ஆடி மாதம் ஒருநாள் கிருபா காலனிக் குழாய் லைனைப் பார்க்கப் போனவள், கரையின் அடியில் கோரைப்புல் புதிதாகத் தழைத்திருப்பதைக் கண்டாள். மழையில்லாத மாதத்தில் புல்லுக்கு ஏது இத்தனை பச்சை? குனிந்து விலக்கினாள். விரல்கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காலனியில் ஒரு குடம் வாங்கி வந்து வைத்து, போனில் நேரம் பார்த்தாள். ஒரு குடம் நிறைய ஒன்பது நிமிடம். தொட்டிக்குக் குளோரின் போடுகிற கணக்கை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஏழு நிமிடம். அதற்கடுத்த வாரம் ஐந்தரை. அன்றைக்கு அவள் கவனித்தது வேகத்தைக்கூட அல்ல, நிறத்தை. முதலில் தெளிவாக வந்த தண்ணீர் இப்போது அரிசி கழுவியதுபோல வந்தது. தெளிவாக ஒழுகினால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி ஒழுகினால் உள்ளே இருந்து மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒன்பது வருடம் ரோட்டைத் தோண்டியவளுக்கு இது புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயமில்லை.

கிரஷரின் மேனேஜர் ரவிதேஜாவைப் போய்ப் பார்த்தாள். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயது. மரியாதையான ஊர், எதற்கும் 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று வந்த அன்றே யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்.

"அக்காங்க, அது ஊத்துங்க. மலைங்க இருக்குதுங்க, தண்ணிங்க வருதுங்க" என்றார்.

"ஊத்துன்னா ஏனுங்க கலங்கி வருது?"

"மண்ணுங்க சேருதுங்க."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றாள் கிருபா. "அந்த மண்ணு எங்கிருந்து வருதுங்க?"

ரவிதேஜா கரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஆள் நல்லவர். முதலாளியிடம் இன்ஜினியரை வரவழைக்கச் சொல்லிக் கேட்டார் என்பதும், சீசன் முடியட்டும் என்று பதில் வந்தது என்பதும் பிற்பாடு தெரிந்தவை.

பாலுசாமியிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "ஏம் புள்ள, உனக்கு டேங்கைக் குடுத்தா டேமையும் சேத்துப் பாக்கறயா? போய் எங்க வீதிக்குத் தண்ணி உடற வழியப் பாரு" என்றார்.

வீட்டில் அதைவிட மோசம். "உனக்கு எதப் பாத்தாலும் ஒழுகுது அம்மணி" என்றார் ஆல்வின். "அந்தக் கரை மேல லோடு டிப்பர் போகுது. பதினாறு டன்னு. என்னையே தாங்குது, தண்ணியத் தாங்காதா?"

"உங்களத் தாங்கறது பெருசில்லீங்க. நான் பதினேழு வருசமாத் தாங்கறேன்" என்றாள் கிருபா.

திங்கட்கிழமை லீவு போட்டு, கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தாள். ரசீது கொடுத்தார்கள். வருகிற வழியில் உக்கடத்தில் இறங்கிக் குளக்கரையில் சிறிது நேரம் நின்று, அங்கே கரையைக் கல் வைத்து எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாள். அந்த வேடிக்கை பார்க்க அவளைத் தவிர அங்கே யாரும் நிற்கவில்லை.

மனு ஒரு மாதம் மேசை மேசையாகப் பயணம் போனது. 'தண்ணீர்க் கசிவு' என்ற வார்த்தையைப் பார்த்த ஒருவர் அதைக் குடிநீர்ப் பிரிவுக்குத் தள்ளினார். அங்கிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து பஞ்சாயத்துக்கு. பஞ்சாயத்து செயலர் அதன்மேல் 'டேங்க் ஆபரேட்டர் நேரில் ஆய்வு செய்து அறிக்கை தரவும்' என்று எழுதி, கிருபாவைக் கூப்பிட்டு அவள் கையிலேயே கொடுத்தார்.

தான் கொடுத்த மனுவைத் தானே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள் கிருபா. பிறகு எக்ஸெலை எடுத்துக்கொண்டு கரையடிக்குப் போனாள். குடம் வைத்தாள். நாலு நிமிடம். திரும்பி வந்து பச்சை மையில் எழுதினாள்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. மனுதாரர் கூறுவது முற்றிலும் உண்மை. கரை பலவீனமாக உள்ளது. கீழே உள்ள வீடுகளை மேட்டுக்கு மாற்ற வேண்டும். இப்படிக்கு, கிருபா, டேங்க் ஆபரேட்டர்.' செயலர் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் காலையில் வெளுத்தது. ஆறரை மணிக்கெல்லாம் கிருபா கரையடியில் நின்றாள். ரவிதேஜாவும் வந்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அக்காங்க, பாத்தீங்களாங்க? நின்னுபோச்சுங்க!"

உண்மைதான். ஒழுக்கு சுத்தமாக நின்றிருந்தது. கோரைப்புல் ஈரமாகக் கிடந்தது, தண்ணீர் இல்லை. மேலே கரை உச்சியில் ஆல்வினின் டிப்பர் மண் கொட்டிக்கொண்டிருந்தது. கரையைப் பலப்படுத்த அன்றைக்குப் பத்து லோடு.

கிருபா குனிந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். யாரும் அடைக்காமல் ஒரு ஒழுக்கு தானாக நின்றால், உள்ளே ஏதோ இடிந்து வழியை மூடியிருக்கிறது. மூடிய தண்ணீர் சும்மா இராது, வேறு வழி தேடும். கரையில் ஏறினாள். பாதி உயரத்தில் மண் நீளவாக்கில் பிளந்து, உள்ளங்கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. வால்வுக் கம்பியை அதில் விட்டாள். கம்பி தடையில்லாமல் இறங்கியது. முக்கால்வாசி போனதும் பயந்துபோய் வெளியே இழுத்தாள்.

ரவிதேஜாவின் சிரிப்பு அந்தக் கம்பியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. முதலாளிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, "சனங்களைப் பயப்படுத்தக் கூடாதாமுங்க" என்றார். பிறகு தன் பாட்டுக்கு, "நான் மெஷினுங்கள நிறுத்தறேனுங்க. லேபருங்கள அனுப்பறேனுங்க. நீங்க கீழ போங்க" என்றார். அந்த ஒரு 'போங்க' மட்டும் சரியான இடத்தில் விழுந்தது.

காலனிக்கு வந்து ஐந்து வீட்டில் சொன்னாள். "நேத்தும் இதத்தான் சொன்னே" என்றது ஒரு வீடு. "மழ உட்டுப்போச்சு, இனியென்ன?" என்றது இன்னொன்று. அடுப்பில் சோறு, கட்டுத்தறியில் மாடு, குளித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஒருவர் அசையவில்லை. ஒன்பது வருடம் நித்தமும் ஒழுகுது ஒழுகுது என்று சொல்லிச் சொல்லி, அவள் வாயில் வரும் அந்த வார்த்தைக்கு ஊரில் காது பழகிப்போயிருந்தது.

சரி, இவர்கள் எதற்கு ஓடுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். ஒன்பது வருடத்துத் திட்டும் அப்போதுதான் அவளுக்கு உதவிக்கு வந்தது.

எக்ஸெலை முறுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் அறிவிப்புக்கென்று ஒரு ஸ்பீக்கர் உண்டு. மைக்கைப் பிடித்தாள். "கரட்டுப்புதூர் பொதுமக்கள் கவனத்துக்குங்க. ஆத்துத் தண்ணி வந்திருச்சுங்க. லைன்ல உட முடியாதுங்க, டேங்க் அடிக் குழாயில மட்டும் உடறமுங்க. காலனிக்கும் இங்கதானுங்க. ஒரு ஊட்டுக்கு எத்தன குடம்னாலும் புடிச்சுக்கலாமுங்க. ஆனா ஊட்ல இருக்கற அத்தன பேரும் நேர்ல வந்தாத்தானுங்க கணக்கு. ஒம்பதரை மணிக்கு மூடிருவமுங்க."

உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போன ஊர் அது. ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், இந்தத் தடவை பதினான்கு நாளாகியும் வரவில்லை. அறிவிப்பு முடியும் முன்பே காலனி கிளம்பிவிட்டது. பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், பெயிண்ட் டப்பா, ஒருவர் தலையில் குழந்தை குளிப்பாட்டுகிற தொட்டி. ஆள் கணக்கு என்றதால் காய்ச்சலில் படுத்திருந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலனிக்காரர்கள் அந்தத் தொட்டியடியில் வந்து தண்ணீர் பிடித்ததே கிடையாது. அன்று மேட்டு வீதியும் காலனியும் ஒரே வரிசையில் நின்று, யார் முந்தி என்று சரிசமமாகச் சண்டை போட்டுக்கொண்டன. கிருபா குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் பாதி இருந்தது, நித்தமும் வருகிற அதே போர்வெல் உப்புத் தண்ணீர். அது ஆற்றுத் தண்ணீர்தானா என்று முதல் குடம் பிடித்தவள் ருசி பார்ப்பதற்குள் கிருபா அங்கே இல்லை.

பழனியாத்தாள் மட்டும் வரவில்லை. அறுபது வயது, தனிக்கட்டை, ஒரு எருமை. "மழைத் தண்ணி ரெண்டு டிரம்மு புடிச்சு வெச்சிருக்கறேன். எனக்கெதுக்கு உன்ற ஆத்துத் தண்ணி?" என்று வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

கிருபா பேசிப் பார்க்கவில்லை. கட்டுத்தறிக்குப் போய் எருமையை அவிழ்த்தாள். கயிற்றை மொபெட்டின் பின்னால் கட்டி, வண்டியைக் கிளப்பினாள்.

"அடியேய்! எம்மட எருமைய எங்கடி ஓட்டறே!" பழனியாத்தாள் வெற்றிலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். எருமை ஓடியது, எருமைக்குப் பின்னால் பழனியாத்தாள் ஓடினாள். வாயிலிருந்து வந்தவை எதையும் இங்கே எழுத முடியாது. முட்டி வலி என்று மூன்று வருடமாக மருந்து தேய்த்துக்கொண்டிருந்தவள், மேடு முழுக்க ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறிவிட்டாள்.

பாலுசாமியின் வேலையாட்கள் தோப்பிலிருந்து குடத்தோடு வந்துவிட்டிருந்தார்கள். பாலுசாமியும் வந்தார், ஆட்களை வேலைக்குத் திருப்பி அழைத்துப்போவதற்காக. மிச்சம் ஆல்வின். ரவிதேஜா இறங்கச் சொல்லியும், பத்து லோடை முடிக்காமல் வரமாட்டேன் என்று கரையிலேயே இருந்தார்.

போன் போட்டாள். "கரை மேல இருந்து இறங்கி வாங்க."

"லோடு இருக்குதம்மணி. பொறவு வாரேன்."

வெடிப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். நெஞ்சுவலி என்றால் டாக்டருக்குப் போன் போடுவார், தான் வரமாட்டார். கிருபா கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஏனுங்க... அந்தக் கரை விசயத்துல நீங்க சொன்னதுதான் சரிங்க. நான் சொன்னது தப்பு. எல்லார்த்துக்கும் முன்னால டேங்குகிட்ட வெச்சு ஒருக்கா மன்னிப்புக் கேக்கோணும். சித்தெ வந்துட்டுப் போங்க."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது. "இதா வாரேன்" என்றார் ஆல்வின். டிப்பரைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு, தலையைக்கூட வாரிக்கொண்டு வந்து சேர்ந்தார். மணி ஒன்பது இருபது.

"சொல்லு" என்று கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

கிருபா வாயைத் திறந்தாள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சத்தம் இடிபோல இல்லை. ஒரு பெரிய சாக்குத் துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல இருந்தது. கரையின் நடுப்பகுதி, ஆல்வினின் மஞ்சள் டிப்பரோடு சேர்ந்து, உட்காருவதுபோலக் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் இருந்து சாம்பல் நிறத்தில் அது வந்தது. தண்ணீர்போலப் பாயவில்லை. தோசைமாவு கல்லில் பரவுகிற மாதிரி தடித்து, அவசரமில்லாமல், வேலியையும் சுவரையும் கருவேலமரத்தையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு பரவியது. பள்ளம் மறைந்தது. பள்ளத்தின் இருபுறமும் இருந்த ஓடுகள் மட்டும் கொஞ்ச நேரம் மிதப்பதுபோலத் தெரிந்து, பிறகு சில காணாமல் போயின.

முதல்முதலாகக் கரட்டுப்புதூரில் குழாயடியில் நிசப்தம். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. பழனியாத்தாள் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிருபா தொட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அவள் சொன்னது நடந்துவிட்டது. பொய்யாகப் போயிருக்கக் கூடாதா என்று அப்போது அவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு. ஆல்வின்தான் போய்க் குழாயை மூடினார். அவர் தன் டிப்பர் இருந்த இடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு நாள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆல்வினின் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

முதலில் கேட்ட குரல் கிரஷர் பக்கமிருந்து வந்தது. "கயிறுங்க! கயிறுங்க!" ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கிளம்பிய ரவிதேஜா, இடுப்பளவு சேற்றில் ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆல்வினும் நாலு பேரும் கயிறு போட்டு இழுத்தார்கள். ஒரு செருப்பும் பேண்டும் சேற்றோடு போயின. துண்டைக் கட்டிக்கொண்டு, தன்னை இழுத்த ஒவ்வொருவருக்கும், கயிற்றுக்கும்கூட, "தேங்க்ஸுங்க" சொன்னார்.

மனித உயிர் ஒன்றும் போகவில்லை. பத்தொன்பது ஆடு, ஒரு கன்று, கணக்கில்லாத கோழிகள் போயின. இருபத்தெட்டு வீடுகள் இருக்க முடியாதபடி ஆயின. மறுநாள் கிருபா தன் வீட்டைப் பார்க்கப் போனபோது சேறு ஜன்னல் உயரம் நின்றது. எந்த நாற்றமும் இல்லை, அதுதான் அவளுக்கு என்னவோபோல இருந்தது. தண்ணீர் வந்து போனால் ஒரு வாசம் மிஞ்சும், இதில் உயிருள்ள எதன் வாசமும் இல்லை. பள்ளத்தில் மீன்கள் சாம்பல் பூசிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. எந்த மழைக்கும் கத்துகிற தவளைகள் அந்த வருடம் கத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் தங்கினார்கள். சேறு காய்ந்து சிமெண்ட்போல இறுகியது. தை மாதத்துக் காற்றுக்கு அதன் மேல்தோல் தூளாகி எழுந்து, மேட்டு வீதி வரைக்கும் துணிமணியிலும் சோற்றிலும் படிந்தது. யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று இருமலிலேயே அடையாளம் சொல்ல முடிந்தது. பாலுசாமியின் தோப்பில் தென்னைகள் நின்றபடியே மட்டை காய்ந்தன. மஞ்சள் காடு இருந்த இடத்தில் ஆல்வினின் டிப்பர், கேபினின் தலை மட்டும் வெளியே தெரிய, புதைந்து கிடந்தது. கிணறு விளிம்புவரை சேறு.

காலனி பக்கம் இருந்த பஞ்சாயத்து போர்வெல்லும் மூழ்கிவிட்டதால் ஊர் முழுவதும் லாரித் தண்ணீர்தான். அதற்கு நேரம் குறித்து வரிசை கட்டுவது கிருபா. முதல் வாரம் பாலுசாமி வந்து நின்றார், கையில் புதுக் குடம், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. எப்போதும் முன்னால் போய்ப் பழகியவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார்.

"பழனியாத்தாளுக்குப் பின்னாலங்க ஐயா" என்றாள் கிருபா.

நின்றார். நிறைந்த குடத்தைப் பெட்டியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் முன்னால் தூக்கினார். பாதி வேட்டியில் கொட்டியது. பழனியாத்தாள் பார்க்கச் சகிக்காமல், "இடுப்புல வைங்க சாமி, இடுப்புல" என்று பிடுங்கி வைத்துக் காட்டினாள். வைத்துக்கொண்டு நாலடி போனவர் திரும்பி, "கிருபா, அன்னைக்கு நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கோணும்" என்றார். "கரட்டக் குடுத்ததும் நான்தான்."

"ஆமாங்க" என்றாள் கிருபா. இல்லை என்று சொல்லி அவரைத் தேற்ற அவளுக்குத் தோன்றவில்லை. "குடம் சாயுதுங்க, பாத்துப் போங்க."

மார்கழிக் கடைசியில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விசாரணை நடந்தது. கம்பெனி சார்பில் வந்த வக்கீல், எதிர்பாராத மழை, யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றார். விசாரணை அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மனுதாரர், கிருபா. ஆய்வு செய்தவர்..." நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் கிருபா?"

"ஆமாங்க, நான்தானுங்க" என்று கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நீங்களே மனு கொடுத்து, நீங்களே விசாரிச்சு, உண்மைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?"

"வேற யாரும் வரலீங்க சார்."

பந்தல் சிரித்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தக் கரையைப் பற்றி உடைவதற்கு முன் முத்திரையோடு எழுதப்பட்ட ஒரே காகிதம் அதுதான். 'யாரும் அறிந்திருக்க முடியாது' என்ற பேச்சு அதோடு முடிந்தது. அடுத்து ரவிதேஜா எழுந்தார். கரையை மூன்று முறை அனுமதி இல்லாமல் உயர்த்தியதை, இன்ஜினியர் கேட்டதை, வந்த பதிலை, அன்று காலை போனில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். வக்கீல் அவரை முறைத்துக்கொண்டே இருந்தார். வேலை அன்று மாலையே போனது. ஊருக்குக் கிளம்பும் முன் கிருபாவிடம் சொல்லிக்கொள்ள வந்தவர், "அக்காங்க, இந்த ஊருங்க எனக்குப் புடிச்சுதுங்க" என்றார். கிருபா அவருக்கு ஒரு புது பேண்ட் துணி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

கிரஷர் மூடிக் கிடக்கிறது. கேஸ் நடக்கிறது. மண்ணை அள்ளி எடுத்துப்போகச் சொல்லி உத்தரவு வந்து, பாதி அள்ளி மீதி அங்கேயே இருக்கிறது. பள்ளத்தில் போன மழைக்கு ஓரமாகக் கொஞ்சம் கோரை முளைத்தது. அதற்குமேல் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை.

டிப்பர் போனபின் ஆல்வினுக்கு நாலு மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு பஞ்சாயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிக்கு டிரைவர் தேவைப்பட்டது. எத்தனை மணிக்கு எந்த வீதி என்று சீட்டு எழுதிக் கொடுப்பவள் கிருபா. இப்போது ஊரில் அதிகத் திட்டு வாங்குகிறவர் ஆல்வின். சாயங்காலம் வந்து, "தண்ணி லேட்டுன்னு மேட்டு வீதில என்னையப் புடிச்சுத் திட்டறாங்கம்மணி" என்று முறையிடுவார். "அப்படீங்களா?" என்று கிருபா மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொள்வாள்.

இந்த ஆனியில் காலனிக்கு மேட்டின் தென்புறம் வீட்டு மனை ஒதுக்கினார்கள். வீட்டுக்கு மூன்று சென்ட், யாருக்கு எந்த மனை என்று அங்கேயே பந்தல் போட்டுக் குலுக்கல். பழனியாத்தாள் சீட்டு எடுக்கும் முன்பே எழுந்து, "எந்த நெம்பர் வந்தாலுஞ் செரி, இவ ஊட்டுக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம். எப்ப என்ற எருமையக் கிளப்புவாளோ தெரியாது" என்று கிருபாவைக் காட்டினாள். எடுத்தது இருபத்திரண்டு. கிருபா எடுத்தது இருபத்தொன்று. பந்தலில் எழுந்த கூச்சலில் அடுத்த சீட்டைக் கூப்பிட ஐந்து நிமிடம் ஆயிற்று.

வெளியே வந்ததும் ஆல்வின் வாசல் கிழக்கா தெற்கா என்று ஆரம்பித்தார். கிருபா காதில் வாங்கவில்லை. முப்பத்தாறு மனைக்கும் கல் நட்டிருந்தார்கள், தெருவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். குழாய் எங்கே வரும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டி இருந்த திசையிலிருந்து முதல் மனையை நோக்கி ஒன்று, இரண்டு என்று காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தாள்.